எருக்குழிச் சாட்சிகள்

அறுபதுகளில் ஒரு நாள், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த அந்த அம்மாளின் மடியில் ஈரத் துணிப்பை.

"பைய வெயில்ல வெக்காதே. உள்ள மண்புழு இருக்குது."

"விவசாய ஆபீஸ்ல பரிசோதனைக்கு மண்ணு மட்டுந்தானே கேட்டாங்க?"

"போன வாட்டி நம்ம மண்ணுல சத்தே இல்லேன்னு எழுதிட்டாங்க இல்ல? புழுவ அவங்களே கண்ணால பார்க்கட்டும்."

"இது எருக்குழி புழுவாச்சே. காலையில நீங்க நோண்டிக்கினு இருந்தத பார்த்தேன்."

பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டும்போது அவர் குனிந்து பையின் வாயைத் திறந்து பார்த்தார்.

"நேத்து வயலு பூரா தோண்டிப் பார்த்தேன். ஒண்ணுகூட இல்லே."

"அதத்தானே அவங்களும் எழுதினாங்க."

முதலில் சிரித்தவர் விவசாயிதான்.

"சரி, பைய பத்திரமா வெச்சுக்கோ. எருவோட சேர்த்து இதுங்களயும் வயல்லயே வுட்டுடலாம்."