குளித்து வருவதற்குள் வெந்த முட்டை

முட்டை வேகவைப்பது எளிய வேலை என்று நினைப்பவர்களோடு எனக்குப் பகை எதுவும் இல்லை, ஐயா. அறியாமை குற்றமல்ல. முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். தராசுத் தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவர்களைக்கூட அபராதம் போட்டு மன்னித்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் முட்டைக்கு வந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் முட்டையைக் கரண்டியில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். சரியாகப் பத்து நிமிடம். நேரம் கூடிப்போனால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். உடனே பனிக்கட்டித் தண்ணீர். இதைப் பற்றிக் குடியிருப்போர் சங்கத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசிவரை இருந்தவர்கள் நால்வர். அதில் ஒருவர் கதவைப் பூட்டக் காத்திருந்த காவலாளி. அன்று முதல் மாடிப்படியில் எல்லோரும் என்னை 'முட்டை சார்' என்றே அழைத்தார்கள். மரியாதையாகத்தான். கூடவே வந்த சிரிப்பு, மகிழ்ச்சியில் வருவது.

என் மனைவியின் தம்பி பேருந்து ஓட்டுநர். ஞாயிறுதோறும் வேலை முடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடுவான். இரண்டு நடைக்கு நடுவில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் தின்று பழகிய வாய். முழு முட்டையை அப்படியே உள்ளே தள்ளி, பேசிக்கொண்டே விழுங்கி, மேலே ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவான். நான் பத்து நிமிடம் காவல் காத்த முட்டை பத்து நொடியில் காலி. எப்படி என்று கேட்டால், "முட்டை மாதிரிதான் இருக்கு அத்தான்" என்பான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். அவன் முட்டைகளைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் குளிக்கக் கிளம்பினான். எத்தனை நிமிடம் என்று கட்டிலில் கிடந்தபடியே விசாரித்தேன்.

"குளிச்சிட்டு வந்தா வெந்திருக்கும் அத்தான். இதுக்குப் போய்க் கூட்டம் போட்டுப் பேசினீங்களாமே."

என் மனைவி சிரித்தாள். வெந்ததில் ஒன்றை உரித்துத் தின்றுவிட்டு, "என்ன இருந்தாலும் தம்பி கைப்பக்குவமே தனிங்க" என்றாள். என் முட்டைக்கு அவள் அதிகபட்சம் கொடுத்தது ஒரு தலையசைப்பு. இந்தச் செய்தி மாடிப்படி ஏறி இறங்கியது. மறுநாள் யாரும் என்னை முட்டை சார் என்று அழைக்கவில்லை. மேல்வீட்டு அம்மாள், தம்பி எப்போது வருவார் என்று கேட்டாள்.

கோபப்பட்டேனா என்கிறீர்கள். இல்லை. அளந்தேன். அடுத்த ஞாயிறு குளியலறைக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றேன். அவன் குளிக்க ஆகும் நேரம் இருபத்தைந்து நிமிடம்.

கடந்த ஞாயிறு அவன் முறைப்படியே வேகவைத்தேன். மஞ்சள் கரு மாவாக உதிரும் பக்குவம். மனைவியைத் துணி காயப்போட மொட்டைமாடிக்கு அனுப்பினேன். தண்ணீர்ச் செம்பைத் தேய்த்துக் கவிழ்த்தேன். வீடு சுத்தமாக இருந்தால் எனக்குப் பிடிக்கும். இருந்ததில் பெரிய முட்டையாகப் பார்த்து உரித்துக் கொடுத்தேன். வழக்கம்போல முழுசாக உள்ளே தள்ளினான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

தலையை வேகமாக ஆட்டினான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். தொண்டையைப் பிடித்தபடி சமையலறைக் குழாயை நோக்கி வந்தான். வாசலில் நான் நின்றிருந்தேன். வழிமறித்தேன் என்பது மிகை. வாசல் குறுகியது, நான் அகன்றவன். அவன் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். முதுகில் நாலு தட்டுத் தட்டியிருந்தால் வெளியே வந்திருக்கும் என்கிறீர்கள். தெரியும். முதலுதவி வகுப்பில் முதல் மாணவன் நான். ஆனால் என் கையில் கடிகாரம் இருந்தது. நாலரை நிமிடம் ஆயிற்று.

மனைவி இறங்கி வந்து தம்பியை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "தண்ணி எங்கங்க?" என்று கேட்டாள். செம்பு காய்ந்துகொண்டிருப்பதைக் காட்டினேன்.

ஆக, கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். தொண்டையிலிருந்து எடுத்த மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருந்ததாக டாக்டர் குறித்திருக்கிறாராம். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நாளைக்குப் பத்திரிகையில் வரும், நாலு பேர் படிப்பார்கள். கொலைகாரன் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். முட்டை வேகவைக்கத் தெரியாதவன் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது.