மழை விட்டால் பந்தயம்

— இல்லை வெர்லின், டோபினுக்கு இடது கண்ணு தெரியலை. அடிச்சுச் சொல்றேன்.

— மெதுவாப் பேசு நோரீன். முன்வரிசை முழுக்க டோபின் பேர் போட்ட தொப்பி. காதுல விழுந்தா நம்ம ரெண்டு பேரையும் தூக்கி மழையில போட்டுடுவானுங்க.

— கிண்டல் பண்ணாதே. பந்தயம் மூணுல ஒரு பங்குதான் ஓடியிருக்கு. இந்த மழை விட்டுத் தரையைக் காய வெச்சாங்கன்னா, அவன் மறுபடி அந்த வண்டியில ஏறுவான். மீதி ரெண்டு பங்கையும் ஒத்தைக் கண்ணோட ஓட்டப்போறான்.

— சரியாப் போச்சு. நீ எப்போ கண் டாக்டர் ஆனே? இந்தா, இந்தப் பொரிச்ச சீஸைச் சாப்பிடு. ஆறினா ரப்பர் மாதிரி ஆயிடும். மில்வாக்கிக்கு வந்து இதைச் சாப்பிடாமப் போனா பாவம்.

— சீஸ் கிடக்கட்டும். நான் சொல்றதைக் கேளு. மார்ச் மாசம் ஃபுளோரிடாவுல முதல் பந்தயம். அன்னையில இருந்து இந்த ஹெட்செட் என் காதை விட்டு இறங்கலை. லாங் பீச், இண்டியானாபொலிஸ், டெட்ராய்ட்... ஒரு ஊரையாவது விட்டோமா?

— விட்டிருந்தா உன் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருப்போம். அவ இன்னும் என்கூடப் பேசலை. அது ஒண்ணுதான் இந்த வருஷத்துல லாபம்.

— டோபின் வண்டி ரேடியோவுல யாரு என்ன பேசினாலும் கேட்டிருக்கேன். இந்த அரங்கத்துக் கூரை மேல நின்னு பார்த்துச் சொல்றது நம்ம ட்ரென்ட். வண்டிக்குள்ள டோபின் தலையைக் கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருக்கான். பக்கத்துல யாரு வர்றான்னு நம்ம பையன்தான் அவனுக்குச் சொல்லணும்.

— எனக்கே பாடம் நடத்துறியா? ஸ்பாட்டர்னா என்னன்னு உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

— அப்போ நீயே சொல்லு. வருஷ ஆரம்பத்துல ரெண்டு பேரும் எப்படிப் பேசிப்பாங்க?

— ட்ரென்ட் சொல்லுவான், ‘உள்ளே வண்டி, இன்னும் உள்ளேதான், இப்போ காலி.’ டோபின் வாயே திறக்கமாட்டான். பட்டனை ஒருதடவை தட்டுவான். டிக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

— இப்போ?

— இப்போ கொஞ்சம் பேசறான்.

— கொஞ்சமா? திருப்பத்துக்குத் திருப்பம் அவன் கேக்கிறான் வெர்லின். ‘இடது பக்கம் யாராவது இருக்கானா?’ ‘நீல வண்டி கீழே வருதா?’ ட்ரென்ட் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடறான். இருட்டு வீட்டுல சுவத்தைத் தடவிக்கிட்டே நடக்கிறவன் மாதிரி இருக்கு.

— நீல வண்டின்னு நிறம் சொல்றான் இல்லையா? கண்ணு தெரியாதவன் எப்படி நிறம் சொல்லுவான்?

— கண்ணாடியில முன்னாடியே பார்த்திருப்பான். இல்லைன்னா வலது கண்ணுல பார்த்திருப்பான். மழை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு? நீயும்தானே பார்த்தே?

— உரசல். அந்த வெள்ளை வண்டிக்காரன் பக்கத்துல இடிச்சுக்கிட்டு வந்தான்.

— வெள்ளை வண்டி அங்கேயேதான் இருந்துச்சு. டோபின்தான் பாதையோட உள்பக்கமாக் கீழே இறங்கினான். கடைசி நொடியில மேல இழுத்துக்கிட்டான். சக்கரம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற வண்டி. சக்கரத்து மேல சக்கரம் ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீ எனக்குச் சொல்லத் தேவையில்லை.

— ஏறலை இல்லை?

— ஏறலை. அதுக்கப்புறம் டோபின் ரேடியோவுல என்ன சொன்னான் தெரியுமா? ‘பரவாயில்லை, பரவாயில்லை’ன்னு. பிள்ளையைத் தட்டித் தூங்க வெக்கிற மாதிரி. யாருக்குச் சொன்னான்? தனக்குத்தானே சொல்லிக்கிறான் பாவம்.

— எல்லாம் அயோவாவுல அவன் சுவத்துல மோதினதுல இருந்து உன் மனசுல உக்காந்துக்கிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுல இருந்து நீ சரியாத் தூங்கலை.

— அங்கேதான் ஆரம்பிச்சது. அன்னிக்குத்தான் அவன் கண்ணு போயிருக்கு. டிவிக்காரன் மைக்கை நீட்டினப்போ என்ன சொன்னான்? ‘பக்கத்துல வண்டி இருந்ததை நான் பார்க்கலை, தப்பு என்னுது’ன்னான். பார்க்கலைன்னு அவன் வாயாலேயே சொன்னான்.

— அதுக்கப்புறம் டாக்டருங்க சோதிச்சுத்தானே ஏத்தினாங்க.

— உங்க அண்ணன் சோதனையில எல்லாம் பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கி, கோழிக்கடைக்குள்ள காரை விட்டாரே, அந்த மாதிரிச் சோதனை.

— அண்ணனை இழுக்காதே. சரி, தெரியலைன்னே வெச்சுப்போம். நாம என்ன பண்ண முடியும்? இந்த டப்பாவுல கேக்கத்தான் முடியும், பேச முடியாது.

— கால் இருக்கே. கீழே வைத்தியக் கூடாரத்துக்கு நடந்து போய்ச் சொல்லலாம்.

— நோரீன், அது மட்டும் கூடாது. ரேடியோவுல கேட்டதைக் கீழே கொண்டு போறவன் ரசிகனே இல்லை. நம்பித் திறந்து விட்டிருக்காங்க. ஆயிரம் பேரு கேக்கிறான். ஆளாளுக்கு எழுந்திரிச்சுப் போய்ப் புகார் சொன்னா என்ன ஆகும்?

— ஆயிரம் பேருக்கும் டோபின் யாரோ. எனக்கு அப்படி இல்லை. டெட்ராய்ட்ல என் முட்டி வீங்கிக் கிடந்தப்போ, வாசல்காரன்கிட்டக் கெஞ்சி ஒரு சின்ன வண்டி வரவழைச்சு என்னை ஏத்தி விட்டானே, அது யாரு? பந்தயத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை அப்போ. அயோவாவுல கையில ஐஸ் கட்டோட நம்ம வேன் வரைக்கும் நடந்து வந்தானே. ‘ட்ரென்ட் மேல ஒரு தப்பும் இல்லைம்மா, கவலைப்படாதீங்க’ன்னு சொல்றதுக்காகவே வந்தான். அப்படிப்பட்ட பிள்ளை என் கண்ணு முன்னாடி செத்தான்னா, கர்த்தர் என்னைக் கேக்கமாட்டாரா?

— ட்ரென்ட்டை யோசிச்சியா? டோபின் இறங்கினா அவனும் கூரையை விட்டு இறங்கணும். மறுபடி பெயின்ட் கடையில போய் வாளி தூக்குவானா?

— தூக்கட்டும். வாளி தூக்கினா யாரும் சாகமாட்டாங்க.

— நீ ரொம்பக் கல்நெஞ்சக்காரி ஆயிட்டே.

— வண்டிங்க நின்னதும் கண்ணை மூடிக் கேட்டேன், ஆண்டவரே ஒரு வழி காட்டுன்னு. உடனே மழை கொட்டுச்சு.

— வண்டிங்க நின்னதே மழை வந்ததாலதான், அம்மாடி. வட்டப் பாதையில ஒரு தூறலுக்குக்கூட ஓட்டமாட்டாங்க. காலையிலேயே ரேடியோவுல மழைன்னு சொன்னான்.

— ரேடியோவுக்கு யாரு சொன்னாங்களாம்?

— அதை விடு. அதோ, காய வெக்கிற வண்டிங்க கிளம்பிடுச்சு.

— ஆம்புலன்ஸ் ஏன் இன்ஜினை அணைக்காமலே நிக்குது?

— எப்பவுமே அப்படித்தான் நிக்கும்.

— இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு அந்தச் சத்தம் கேக்குது.

— இரு, அங்கே பாரு, ட்ரென்ட் இறங்கி வர்றான். அவன்கிட்டயே கேட்டுடு. ட்ரென்ட், இந்தப் பக்கம். அட, நம்மளைத் தாண்டிப் போறான். டேய் ட்ரென்ட்.

— அப்பாவா? எங்கே இருக்கீங்கன்னுதான் தேடிக்கிட்டு வந்தேன். எல்லாரும் ஒரே மாதிரி மழைக்கோட்டு.

— உங்கம்மா போட்டிருக்கிற மஞ்சள் கோட்டு சிகாகோவுல இருக்கிறவனுக்கே தெரியும். வா, உக்காரு.

— உக்கார நேரமில்லைப்பா. கொஞ்ச நேரத்துல மேல கூப்பிடுவாங்க. அம்மா, சாப்பாடு ஏதாவது வெச்சிருக்கியா?

— தொத்திறைச்சி பன் வாங்கி மூடி வெச்சிருக்கேன். உனக்கு வெங்காயம் வேண்டாம்னு எடுத்துட்டேன். இந்தா. இந்தா ட்ரென்ட், எங்கே பார்க்கிறே, என் கையில இருக்கு.

— ம். சூடா இருக்கு.

— சாப்பிட்டுக்கிட்டே கேளு. நான் ஒண்ணு கேப்பேன், மழுப்பாமச் சொல்லணும். டோபினுக்கு எந்தக் கண்ணு?

— எந்தக் கண்ணா? என்னம்மா சொல்றே?

— உங்கம்மா ரேடியோவுல ஒரு கொலைக் கேஸைக் கண்டுபிடிச்சிருக்கா.

— நீ சும்மா இரு வெர்லின். ட்ரென்ட், நாலு மாசம் முன்னாடி வாயே திறக்காதவன் இப்போ ஏன் உன்னை நிமிஷத்துக்கு நிமிஷம் கேக்கிறான்?

— பழக்கம்மா. ஒவ்வொருத்தருக்கு ஒரு பழக்கம் வரும்.

— திடீர்னு வருமா?

— மோதினவனுக்கு ஒரு பயம் இருக்கும் இல்லையா? கேட்டுக்கிறான். அவனுக்கு ஒண்ணும் இல்லை. நல்லா இருக்கான்.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— பார்த்துக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்.

— நீ என் காதைப் பார்த்துப் பேசறே. சின்ன வயசுல பொய் சொன்னாலும் நேரா என்னைப் பார்த்துச் சொல்ற பையன் நீ. என்னடா ஆச்சு உனக்கு? அவன் உன்னை மிரட்டி வெச்சிருக்கானா?

— டோபினா? அவன் யாரையும் மிரட்டத் தெரியாதவன்மா.

— அப்போ இரக்கப்பட்டு மறைக்கிறே. இந்த வருஷம் முடியட்டும், அடுத்த வருஷத்துக்கு அவனுக்கு வண்டி கிடைக்கட்டும்னு. இரக்கம் நல்லதுதான். ஆனா ஒருத்தனைச் சாக விடற இரக்கத்தை நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கலை.

— நோரீன், போதும். பையன் சாப்பிடட்டும்.

— எனக்குப் போதும்பா.

— ஒரு கடிதான் கடிச்சிருக்கே.

— மைக்ல சொல்றான் பாரு, ஓட்டறவங்க எல்லாம் வண்டிக்கு வரச் சொல்றான். ட்ரென்ட், நீ மேல போ. அம்மாவை நான் பார்த்துக்கறேன்.

— நீ என்னைப் பார்த்துக்க வேண்டாம். நான் கூடாரத்துக்குப் போறேன். டாக்டர் யாரா இருந்தாலும் சரி, ‘அந்தப் பையனை உக்கார வெச்சு இடது கண்ணைச் சோதிங்க, அதுக்கு அப்புறம் ஏத்துங்க’ன்னு சொல்லப்போறேன். பைத்தியக்காரின்னு சொன்னா சொல்லட்டும்.

— அம்மா, வேண்டாம். கெஞ்சிக் கேக்கிறேன்.

— ஏன் வேண்டாம்?

— அவனுக்குக் கண்ணு சரியில்லைன்னு ஒரு பேச்சு வந்தாப் போதும். பொய்யா இருந்தாலும் போதும். அப்புறம் அவனை நம்பி ஒருத்தனும் வண்டி கொடுக்கமாட்டான். அவன் வாழ்க்கையே முடிஞ்சுடும்.

— வாழ்க்கை போனா வேற வாழ்க்கை கிடைக்கும். நகரு.

— அயோவாவுல தப்பு அவனோடது இல்லைம்மா.

— அவனே சொன்னானே.

— எனக்காகச் சொன்னான். நான்தான் ‘காலி’ன்னு சொன்னேன். அவன் என்னை நம்பி இறங்கினான். அங்கே காலியா இல்லை.

— என்னடா சொல்றே? நாங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்?

— மோதின சத்தத்துல உங்களுக்கு அது நினைவுல நிக்கலைப்பா. டோபினுக்கு நின்னுச்சு. வைத்தியக் கூடாரத்துல என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, ‘யார்கிட்டயும் சொல்லாதே, தப்பு எல்லாருக்கும் நடக்கும்’னான். மருந்து வேலை செய்யற வரைக்கும் நாம ரெண்டு பேரும் சமாளிச்சுக்கலாம்னான்.

— பார்த்தியா வெர்லின்? மருந்தாம். நான் சொன்னது சரியாப் போச்சு. எந்தக் கண்ணுக்குடா அவன் மருந்து போடறான்?

— அவன் தெரியாம என்னைக் கேக்கலைம்மா. தெரிஞ்சுதான் கேக்கிறான். ‘நீல வண்டியா’ன்னு கேட்டா, நான் ‘ஆமா, நீல வண்டி’ன்னு சொன்னாப் போதும். கேக்கிற ஆயிரம் பேருக்கும் நான் சொன்ன மாதிரி இருக்கும்.

— எனக்கு ஒண்ணும் புரியலை. வழியை விடு ட்ரென்ட், இன்ஜினை முடுக்கறதுக்குள்ள நான் போகணும். அந்தப் பிள்ளையைப் பத்தி நான் சொல்லியே தீரணும்.

— டோபினுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத் தெரியும்மா. என் கையைப் பிடிச்சு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ, எனக்குத்தான் உன் முகமே தெரியலை.