நாற்பது நிமிடம் ஓட்டிக் காட்டியவர்

பத்தாண்டு நிறைவு காணும் இந்தக் கணினிக் கடையின் உரிமையாளரும், இன்றைய விழாவின் தலைவருமாகிய பெருந்தகை அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளைகளின் பிடிவாதத்தைப் பொறுத்துப் பொறுத்துப் பூமியையே பொறுமையில் வென்ற தாய்மார்களே, விரல் நுனியில் வீரம் வைத்திருக்கும் விளையாட்டுச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். அடுத்தவர் எழுத்தில் பிழை பிடிப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் இந்தக் கடைக்குள் நுழைந்து ஒரு பெரும்பிழை செய்யப் பார்த்தேன். தடுத்தவர் அதோ, மேடை ஓரத்தில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கிறாரே, விற்பனையாளர் அம்மையார். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கேள்விக்காரி.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஐந்து பேர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டில் ஓர் அணியில் இருக்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப் ஆட்டத்தின் நடுவே கொதிக்கும். கொதித்தால் அணையும். அரையிறுதியில் அப்படித்தான் அணைந்தது. மீதி நால்வரும் போராடி மயிரிழையில் தப்பினார்கள். அணித்தலைவி சொன்னாளாம்: "இன்னொரு தடவை நின்னுச்சுன்னா உன் இடத்துல வேற ஆளைத்தான் போடணும். கோச்சுக்காதே."

இறுதிப் போட்டிக்கு ஒன்பதே நாள். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் எடுக்கவில்லை. எந்தத் தகப்பனுக்குப் பொறுக்கும்?

புறப்பட்டேன். கடைக்குள் புகுந்தேன். கண்ணாடி மேசைமேல் ஒரு லேப்டாப். கையால் தூக்கினால் காகிதக் கட்டின் கனம்தான். விசைகளுக்கு அடியில் வண்ண வண்ண ஒளி. மயங்கினேன், மதி மறந்தேன், "இதைக் குடுத்துடுங்கம்மா" என்றேன்.

அவர் கேட்டார்: "பாப்பா என்ன கேம் ஆடுறாங்க சார்?"

"தெரியாதும்மா."

"ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம் போகும்?"

"தெரியாதும்மா."

"எங்க உக்காந்து ஆடப்போறாங்க? ஏசி இருக்கிற இடமா?"

சபையோரே, சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களில் எத்தனை தந்தையருக்கு இதற்கு விடை தெரியும்? மூன்றாவது வரிசையில் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டதே, அந்த நண்பருக்கு என் அனுதாபம்.

"அப்போ பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க சார். அவங்க ஆடிப் பாக்காம நான் விக்க மாட்டேன்."

விற்பதற்கென்றே நிற்பவர், விற்க மாட்டேன் என்கிறார். கேட்டதுண்டா நீங்கள்? கண்டதுண்டா?

மறுநாள் மகளோடு போனேன். மேசைமேல் இரண்டு லேப்டாப். ஒன்று நான் மயங்கிய மெல்லியது. மற்றது செங்கல்லைப் போலத் தடித்தது. கேள்விக்காரி சொன்னார்: "ரெண்டுலயும் ஒரே பேருள்ள கிராபிக்ஸ் கார்டுதான் இருக்கு. ஆனா பேர் ஒண்ணா இருந்தா வேகமும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. அதுக்கு எவ்வளவு கரண்ட் போகுது, சூடு எப்படி வெளிய போகுதுன்னு பாக்கணும். நான் சொல்றதை நம்ப வேணாம். ரெண்டுலயும் நாப்பது நிமிஷம் ஆடட்டும்."

மெல்லியது முதலில் பறந்தது. மகள் முகம் மலர்ந்தது. இருபதாவது நிமிடம் விசிறி இரைந்தது. இருபத்தைந்தில் படம் தடுமாறியது. "அப்பா, குறி வைக்கிறப்போ திக்குதுப்பா" என்றாள். அடுத்தது தடித்தது. அதுவும் இரைந்தது, கனத்தது, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முதல் நிமிடம் எப்படியோ, நாற்பதாவது நிமிடமும் அப்படியே.

அப்போது உரிமையாளர் வந்தார். தலைவர் அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், நடந்ததைச் சொல்கிறேன். "விக்கிற பொருளோட குறையை நம்மளே காட்டலாமாம்மா?" என்றார்.

கேள்விக்காரி குரலை உயர்த்தவில்லை. "அது குறை இல்ல சார். தினம் தூக்கிட்டுப் போய் எழுதுறவங்களுக்கு அதுதான் சரி. இந்தப் பொண்ணுக்கு அதைக் குடுத்தா, போட்டி நடுவுல எழுந்து வெளிய வர வேண்டியிருக்கும்."

உரிமையாளர் என் மகளைப் பார்த்தார். தடித்ததைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "இதுல ரேம் ஒண்ணுதான் போட்டிருக்கு. ஜோடியா இருந்தாதான் ஓட்டம் நல்லா இருக்கும். இன்னொண்ணு போட்டுக் குடும்மா" என்றார். ஊழியர் உண்மை பேசலாம். அதை ஏற்கும் உரிமையாளர் கிடைப்பது எளிதா? கைதட்டுங்கள், அவருக்கும் சேர்த்தே தட்டுங்கள்.

இறுதிப் போட்டி. நானூறு பேர் நிறைந்த மண்டபம். குளிர்சாதனம் பழுது. நின்றிருந்த என் சட்டையே நனைந்தது. மூன்று சுற்று, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். ஒருமுறைகூட அந்தத் தடித்த லேப்டாப் திக்கவில்லை, திணறவில்லை, நிற்கவில்லை. மூன்றாவது சுற்றின் முடிவில் மகள் இடப்பக்கம் திரும்பினாள். எதிரி வலப்பக்கம் நின்றான். முடிந்தது ஆட்டம். இரண்டாம் இடம்.

அழுவாள் என்று அஞ்சினேன். கண்ணில் ஒளியோடு வந்தாள். "அப்பா, தோத்தது நான்தான்பா, லேப்டாப் இல்ல. இடது பக்கம் திரும்பினது என் தப்பு. அடுத்த வருஷம் திரும்ப மாட்டேன்." பின்னாலேயே அணித்தலைவி வந்தாள். "அங்கிள், இவ இடம் இவளுக்குத்தான்" என்றாள்.

அன்பர்களே, வெற்றி வாங்கித் தருகிறேன் என்று கூவும் கடைகள் வீதிதோறும் உண்டு. என் மகளின் திறமை உள்ளது உள்ளபடி வெளிப்பட வழிசெய்து, அவள் தோல்வியைக்கூட அவளுக்கே சொந்தமாக்கித் தந்தவர் ஒருவர்தான் உண்டு. விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யலாம். விளக்கம் சொல்லப் பழகலாம். எதிரே நிற்கும் ஆளுக்கு எது வேண்டும் என்று கேட்கும் அந்த மனத்தை எந்தக் கடையில் வாங்குவது?

கேள்விக்காரி அம்மையாரே, தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். இந்தக் கூட்டம் உங்களை ஒருமுறை நன்றாகப் பார்க்கட்டும். ஒரு தகப்பனின் நெஞ்சார்ந்த நன்றி உங்களுக்கு. பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும் தாய்மார்க்கும் இளையோருக்கும் என் அன்பு. வணங்கி அமர்கிறேன்.