லீவு நாள்ல வராத இருமல்

இல்லண்ணே, டி.பி. எல்லாம் இல்ல, நீங்க தள்ளி உக்கார வேணாம். ஒட்டுவாரொட்டி இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உள்ள குழாயில ஊதிக்கிட்டிருக்காரே, அவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு. மூச்சு எவ்வளவு வேகமா வெளிய வருதுன்னு அந்த மிஷின் காட்டுமாம். ஆஸ்துமாவா இருக்கும்ங்கறாங்க.

வீசிங்கா? அது இருந்திருந்தா எனக்கே புரிஞ்சிருக்குமே. இவருக்கு வெறும் வறட்டு இருமல்தான், ஒன்றரை வருஷமா. நாங்க ரெண்டு பேரும் ஒரே பேக்கரி. நான் சூப்பர்வைசர். அவருக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான். காலைல ஏப்ரன் கட்டினா போதும், பத்து நிமிஷத்துல லொக்கு லொக்குன்னு ஆரம்பிச்சிடுவாரு. மத்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பாப்பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஆனா ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனா ஒரு இருமல் கிடையாது. பிள்ளைங்களோட கெக்கெக்கேன்னு சிரிச்சிக்கிட்டிருப்பாரு. ஒரு வாரம் லீவு போட்டாரு, அந்த வாரம் பூரா இல்ல. திங்கக்கிழமை வந்தா மறுபடியும். நீங்களே சொல்லுங்க, என்ன நினைப்பீங்க? ஆங், அதேதான். வேலைக்கு டிமிக்கி குடுக்கறாருன்னுதான் நானும் நினைச்சேன். இன்னிக்கு டாக்டர்கிட்ட குத்தலாவே சொன்னேன், லீவு நாள்ல மட்டும் வராது சார்னு. அவரு எழுதறத நிறுத்திட்டு நிமிந்து பாத்தாரு. இதை ஏன்யா இவ்ளோ நாளா யாரும் சொல்லலன்னாரு. மாவுத் தூசி ஒத்துக்காம மூச்சுக்குழாய் உள்ள வீங்கிக்குமாம். வேலைக்குப் போகாத நாள் அடங்கிடுமாம்.

சரியாயிடும்ண்ணே. மருந்தை உள்ள இழுத்து, தூசிப் பக்கம் போகாம இருந்தா அடங்கும்னாரு. ரொம்ப நாள் விட்டிருந்தா முழுசா சரியாகாமலும் போகலாமாம். எப்பலேருந்து அதிகமாச்சுன்னு கேட்டாரு. தெரியல சார்னேன்.

தெரியும்ண்ணே. ஆறு மாசமா. மொதல்ல அவரு அடுப்புப் பக்கம்தான் நின்னாரு. நடிப்பு எத்தனை நாளைக்குன்னு பாத்துடலாம்னு, மாவு சலிக்கிற ரூமுக்கு மாத்திவிட்டது நான்தான். சின்ன ரூம், ஜன்னல் கூடக் கிடையாது. அங்க ஒரு ஸ்டூல் கிடக்கும். உக்காந்து வேலை பாக்கட்டும்னு மச்சான் பாத்துப் பண்ணியிருக்காருன்னு இவரு என் தங்கச்சிகிட்ட சொல்லியிருக்காரு. அவ உடனே போன் பண்ணி, நீ இருக்கும்போது எனக்கென்னண்ணா கவலைன்னா. அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லி போனை வச்சுட்டேன்.