கவலை இறைத்த காளை

சாயங்கால வத்தலக்குண்டு பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு சம்சாரிகள்.

“கெணத்துக்கு மோட்டார் போட்டு மூணு மாசமாச்சு மச்சான். கவலையில தண்ணி எறைச்ச காளை இன்னும் விடிஞ்சதும் தானாப் போயி சரிவுல எறங்குது, பின்பக்கமாவே நடந்து ஏறுது. கயிறுமில்ல, தண்ணிச் சாலுமில்ல.”

மச்சான் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

“நானும் அப்பிடித்தேன் மாப்ள. ஞானஸ்நானம் எடுத்து ஏசடியான்னு பேரு வச்சன்னிக்கே, இனி பாவத்துக்கு ஒம்மேல அதிகாரமில்லன்னாரு போதகரு. பொழுது சாஞ்சா காலு சாராயத் தோப்புக்குத்தேன் போகுது. காளைய அடிப்பியா?”

“எதுக்கு அடிக்க? கட்டத்தான் அவுத்தாச்சே. பேரு சொல்லிக் கூப்புட்டா நின்னு திரும்பிப் பாக்கும்.”

மங்கிய வெயிலில் சிறுமலை மிதந்துகொண்டிருந்தது. தோப்பருகே பஸ் நின்றதும் மச்சான் எழுந்து படிவரை போனார்.

“ஏசடியான்” என்று மெதுவாகக் கூப்பிட்டார் மாப்பிள்ளை.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.