மூன்று நாளாய்த் தேடிய சாவி

கிண்ணியா போகும் பஸ்ஸில், பழைய காலத்துக் கோட்டும் தொப்பியுமாய் வியர்த்துக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் சொன்னார்.

"மச்சான், இல்லாத சாவியை மூண்டு நாளாத் தேடினனான்."

"என்ன சாவி?"

"நான் இந்தக் கோலத்தில சனத்துக்கு விளக்கம் சொல்லுற மியூசியத்தில இருக்கிற நூறு வருசத்துக் காருக்கு. இண்டைக்கு ஸ்டார்ட் பண்ணிக் காட்டாட்டி வேலை இல்லை எண்டார் மனேஜர். பாத்தா, அந்தக் காருக்குச் சாவியே இல்லையாம். முன்னுக்கு ஒரு கம்பியைக் கொழுவிச் சுத்தவேணுமாம்."

"கம்பி எங்க?"

"குசினிச் சாமானுகளோட. நான்தான் அதை அங்க இருந்த பழைய உடுப்புத் தோய்க்கிற மெசினில செருகி, 'பிழியும் கைப்பிடி' எண்டு எழுதி வைச்சனான். வந்த சனத்துக்கெல்லாம் பிழிஞ்சும் காட்டினனான்."

"அட பாவி! பிறகு?"

"ரிக்கெட் குடுக்கிற பிள்ளை சிரிச்சுச் சிரிச்சு அதை உருவிக்கொண்டு போய்க் காரில போட்டு ஒரு சுத்து. கார் உறுமிச்சு. சனம் கைதட்டிச்சு."

"அப்ப உன்ர வேலை?"

"இருக்கு. ஆனா நாளையில இருந்து காருக்குப் பக்கத்தில பொம்மை மாதிரி நிக்கிறது மட்டுந்தான். ஒரு கதையும் கதைக்கப்படாதாம்."

கூட்டாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னால ஏலாது மச்சான். வேற வேலை தேடு."