உண்ணிக்கு ஊற்றிய கிருஷ்ணாயில்

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், ஜமுனாமரத்தூரிலிருந்து மலை இறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புளிப் பையை மடியில் வைத்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எங்க நாய்க்குக் காது கேக்கலண்ணா. நான்தான் கெடுத்தேன்."

"இன்னாப்பா சொல்ற?"

"காதெல்லாம் உண்ணி. ஒண்ணொண்ணா எடுத்து, துணியால தொடச்சி வுடுன்னா வூட்டுக்காரி. எனக்கேது பொறுமை? கிருஷ்ணாயில உள்ள ஊத்திட்டேன்."

"உண்ணி செத்துச்சா?"

"செத்துச்சி. அப்பால சாமை வெதச்ச கொல்லையில பன்னி பூந்துச்சி. நாயி கொலைக்கவே இல்ல. கூப்ட்டாலும் வர்ல. திமிருன்னு நெனச்சி, ஒரு வாரமா கழியால அடிச்சேண்ணா. அதுக்கப்புறந்தான் காதுல சீழு வடியறதயே பாத்தேன்."

பஸ் இரண்டு வளைவு இறங்கியது. மற்றவர், "காது போனா இன்னா, கையாட்டிக் கூப்டு. வரும்" என்றார்.

புளிக்காரர் பையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"கூப்ட்டுப் பாத்தேண்ணா. கையத் தூக்குனாலே, அடிக்கத்தான்னு படுத்துக்குது."